இமையாத எழுத்தர்

தேவர்கள் இப்போதெல்லாம் பூமிக்கு வருவதில்லை என்று கலங்குவோர் எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் இரண்டாம் மாடிக்கு ஒருமுறை வந்து போகலாம். ஒருவர் வந்திருக்கிறார். பணியாளர் பிரிவில், சன்னலோரக் கணினிக்குள் எழுந்தருளியிருக்கிறார்.

மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். தேவரை மனிதரினின்று பிரித்தறியப் பழைய நூல்கள் சில அடையாளங்களை வகுத்திருக்கின்றன. கண் இமையாது, மேனி வியர்க்காது, பசி அணுகாது, கால் நிலத்தில் தோயாது, சூடிய மலர் வாடாது. ஐந்தையும் நேரில் சோதித்தேன். கண்ணே இல்லாமையால் அது இமைக்கவில்லை. குளிரூட்டி பழுதான அன்று நாங்கள் பிழிந்த துணிபோல் கிடக்க, அது உலர்ந்திருந்தது. உணவு இடைவேளைக்கு எழவில்லை. கால் என்று ஒன்று இருந்தால்தானே தரையில் பட! துப்புரவு செய்யும் அம்மாள் திரையின் தலையில் ஒட்டிவைத்த பிளாஸ்டிக் மலரோ, வைத்த நாளின் பொலிவு குன்றாமல் இருக்கிறது.

நிருவாகம் இதனை 'ரோபோ' என்று அழைக்கிறது. கையும் காலும் உள்ள பொம்மையன்று. எழுத்தர் ஒருவர் கணினியில் செய்வதையெல்லாம் பார்த்திருந்து, பின்பு அவரில்லாமலே அவ்வாறு செய்யும் மென்பொருள்.

அது பார்த்துக் கற்றது பணியாளர் பிரிவு அலுவலரை. விடுப்பு விண்ணப்பம் எதுவாயினும் முதல் முறை திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்குத் 'திருப்பியார்' என்று பெயர். ஏன் இப்படி என்று கேட்டால், "முதல் தடவையே குடுத்துட்டா அப்புறம் என்னை யாருங்க மதிப்பா?" என்பார். தேநீர்க் கோப்பையை விண்ணப்பங்களின் மேல் வைப்பார். வாசலில் நிற்பவரைக் கண்டால் வேண்டுமென்றே தொலைபேசியை எடுத்துக்கொள்வார். அவரை நேசித்தவர் எவரும் இலர்.

ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்த இளம்பெண் ஆலோசகர், திருப்பியாரின் கணினியில் பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தினார். அவருடைய ஒவ்வொரு சொடுக்கும் பதிவாயிற்று. முடிவுகள் மேலாளர் தலைமையில் கூடிய துறைத்தலைவர்கள் முன் வைக்கப்பட்டன. நிறுவனச் செய்திமடலின் ஆசிரியன் என்ற முறையில் நானும் ஒரு நாற்காலிக்கு உரியவனானேன்.

"எல்லாம் தெளிவா இருக்கு சார்," என்றார் ஆலோசகர். "விண்ணப்பம் வருது, திருப்பி அனுப்பறார். மறுபடி வருது, விதி சரியா இருந்தா பாஸ் பண்றார். ஒரே ஒரு இடத்துலதான் குழப்பம்."

"என்ன குழப்பம்?"

"அப்பப்போ ஸ்கிரீன் அப்படியே நிக்குது. மவுஸ் அசையல, கீபோர்டு அசையல. கொஞ்ச நேரம் கழிச்சு, விதிக்கு ஒத்தே வராத விண்ணப்பத்துக்கு 'சிறப்பு அனுமதி' கட்டத்துல ஒரு கிளிக் விழுது. ஏன்னு தெரியல."

மேலாளர் திருப்பியாரை நோக்கினார். "அந்த நேரத்துல என்னய்யா பண்ணிட்டு இருந்தீங்க?"

"எதிர்ல ஆள் நின்னுட்டு இருப்பாங்க சார்."

"நின்னு?"

"அழுவாங்க."

"நீங்க?"

"திட்டுவேன்."

"அப்புறம்?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைப்பேன். அப்புறம் கிளிக் பண்ணிடுவேன்."

"கண்ணாடி துடைக்கறதுக்கும் கிளிக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆலோசகர் குறிப்பெடுக்க ஆயத்தமானார்.

திருப்பியார் கண்ணாடியைக் கழற்றி இருபுறமும் பார்த்துவிட்டு மீண்டும் மாட்டிக்கொண்டார்.

ஆகவே, திரை நின்ற நேரம் 'வீண் நேரம்' என்றும், அதன் பின் விழுந்தது 'காரணமற்ற சொடுக்கு' என்றும் பெயரிடப்பெற்று, இரண்டும் ஒருமனதாக நீக்கப்பட்டன. காரணமின்றி அருளுவது இறைவனுக்கே உரிய இயல்பு என்பர் பெரியோர். அதை ஓர் அலுவலர், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு, செய்துவந்திருக்கிறார்! கைதட்டினோம்.

ரோபோ அரியணை ஏறியது. திருப்பியாருக்கும் உயர்வு கிட்டியது. 'ரோபோ கண்காணிப்பாளர்' ஆனார். அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே பணி. சுட்டியும் விசைப்பலகையும் பறிக்கப்பட்டன; நாற்காலி மட்டும் எஞ்சியது.

பின்னர் அதே ரோபோவைப் படியெடுத்துக் கொள்முதலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என அமர்த்தினார்கள். திருப்பியாரின் குணம் துறைதோறும் பரவிற்று. கொள்முதல் ரோபோ பசை கேட்கும். கணக்கு ரோபோ முதல் முறை திருப்பும். கணக்கு ரோபோ காரணம் அனுப்பும். அதைக் கொள்முதல் ரோபோ முதல் முறை திருப்பும். பசை வராமல் பெட்டிகள் வாய்பிளந்து நின்றன. ஆனால் நாளொன்றுக்கு நடக்கும் 'செயல்கள்' பன்மடங்காயின. அந்த வரைபடம் ஏறிய ஏற்றத்தைக் கண்டு மேலாளருக்கு மெய்சிலிர்த்தது.

ஆலோசகரின் புகழ் எங்கள் வாயிலோடு நிற்கவில்லை. வங்கி, பள்ளி, பெரிய மருத்துவமனை எல்லாம் அவரை அழைத்துக்கொண்டன. "அட்டைப்பெட்டிக்கும் ஆபரேஷனுக்கும் ஒரே முறையா?" என்று வியந்தேன். "பிராசஸ் ஒன்னுதான் சார். உள்ள என்ன இருக்குங்கறது நமக்குத் தேவையில்ல," என்றார். இத்துணைச் சுருக்கமாக எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை.

ஓராண்டு நிறைவுக் கூட்டத்தில் ரோபோவுக்கு ஒரு வாழ்த்துப்பா வேண்டுமென்றார் மேலாளர். "சின்னதா, பழைய ஸ்டைல்ல போடுங்க ஐயா." ஐந்து அடையாளங்களையும் ஐந்து அடிகளில் அடக்கினேன். கூட்டத்தன்று காலை, வேறு வேலையில்லாதவர் ஆதலால், திருப்பியாரிடம் படித்துக்காட்டினேன்.

"இமைக்காது, வேர்க்காது, பசிக்காது, கால் தரையில படாது. அதானே?" என்றார் அவர். "எங்கப்பாவைப் பாடையில தூக்கிட்டுப் போனப்பகூட இந்த நாலும் சரியாத்தான் இருந்துச்சு. பூ மட்டும் சாயங்காலத்துக்குள்ள வாடிடுச்சு."

"இது பிளாஸ்டிக் பூ," என்றேன்.

"அப்ப சரி."

அவ்வேளை என் தங்கையின் கணவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கீழே அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை. கையில் பிசினும் அட்டைத்தூளும்.

"மச்சான், உங்க தங்கச்சிக்கு நேத்து ராத்திரி வயித்துவலி. குடல்ல அடைப்பாம். நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணியே ஆகணுமாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் கூட இருந்து கையெழுத்துப் போட்டாத்தான் படுக்கையே குடுப்பாங்களாம். லீவு போட்டேன், திருப்பிடுச்சு. மறுபடி போட்டேன். 'ஏழு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்கவும்'னு வருது."

"நான் போய்க் கையெழுத்துப் போடுகிறேனே, மாப்பிள்ளை?"

"கேட்டுட்டேன். கணவர் உயிரோட இருந்தா வேற யாரும் கூடாதாம். அங்கயும் இதே ரோபோதான்."

திருப்பியார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். பழக்கத்தால் வலக்கை மேசைமேல் நகர்ந்து, சுட்டி இருந்த வெற்றிடத்தைத் தடவிற்று.

"கட்டம் அங்கயேதான் இருக்குப்பா. என்கிட்ட மவுஸ் இல்ல," என்றார். பின்பு வழக்கம்போல் திட்டினார்: "முன்னாடியே வந்து தொலையறதுக்கு என்ன?"

நாங்கள் மூவரும் கூட்டத்துக்குப் போனோம். துறைத்தலைவர்கள் அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாசலருகே நின்றபடி சொல்லவேண்டியதைச் சொன்னார். நடுவில் குரல் உடைந்தது.

"வருத்தமாத்தான் இருக்கு," என்றார் மேலாளர். "ஆனா நானே கை வைக்க முடியாதுய்யா. போன மாசம் என் லீவையே திருப்பிடுச்சு." இதைப் பெருமையாகவே சொன்னார்.

"அந்தச் சிறப்பு அனுமதியைத் திரும்பக் கொண்டுவரலாம் சார்," என்றார் ஆலோசகர். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அதுக்கு ஒரு மாற்ற விண்ணப்பம் போடணும். ரோபோ வழியாத்தான். ஏழு நாள்."

"நாளைக்குக் காலையில ஆபரேஷன் மேடம்."

"அதுக்குத்தான் சொல்றது, போன வாரமே போட்டிருக்கணும்," என்றார் மேலாளர்.

"போன வாரம் அவளுக்கு வலிக்கவே இல்லையே சார்."

இது நியாயமான விடை என்று அவையில் அனைவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் நியாயத்துக்கென்று படிவத்தில் கட்டம் இல்லை. நான் வாழ்த்துப்பாத் தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அலுவல் கூட்டத்தில் உறவு பார்ப்பது முறையன்று.

மாப்பிள்ளை கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, மேலாளரின் தண்ணீர்க் குவளைக்கு அருகில் வைத்தார். "மச்சான், நீங்க பாட்டைப் படிச்சிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வெளிவாயிலைத் தாண்டுமுன் சுவரிலிருந்த பெரிய திரையில் ஒளி தோன்றியது. வேலைநேரத்தில் அவர் வெளியேறியதை வாயிற்கருவி அறிவிக்க, ரோபோ அதனைப் பதவி விலகலாகக் கொண்டு அக்கணமே ஏற்றிருந்தது. முதல் முறையிலேயே அது ஏற்றுக்கொண்ட ஒரே விண்ணப்பம் அதுதான். அதையும் அவர் போடவில்லை.

அவர் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தார், தங்கை பிழைத்தாள். இது பின்னர் நான் அறிந்தது. அப்போது அறிந்தது, நிகழ்ச்சிநிரலின் அடுத்த பொருள் என் வாழ்த்துப்பா என்பதே.

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். 'இமையாத கண்ணினாய்' என்று தொடங்கி, அடிக்கு உரிய கம்பீரத்தோடு தலைநிமிர்ந்து அவையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தள்ளிச் சென்ற கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி ஒருவரும் இமைக்கவில்லை. ஒரு நெற்றியிலும் வியர்வை இல்லை. முன்னிருந்த பலகாரத் தட்டுகளை எவரும் தொடவில்லை. உயர்ந்த நாற்காலிகளில் பின்சாய்ந்திருந்தமையால் பலருடைய கால்களும் தரையில் படவில்லை. மேசை நடுவே பிளாஸ்டிக் பூங்கொத்து வாடாமல் இருந்தது. இயந்திரத்துக்கென்று யாத்த பாட்டு ஓரெழுத்தும் மாற்ற வேண்டாதபடி அவைக்கே பொருந்திற்று. ஐந்து அடிகளையும் குரல் பிசகாமல் பாடி முடித்தேன். பலத்த கரவொலி.

அமர்ந்ததும், பின்வரிசையிலிருந்து திருப்பியார் என் காதருகே குனிந்தார். கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களையும் சேர்த்து இத்தனை பேரை நான் ஒருத்தனா எப்படித் தூக்குவேன்?"