கொய்யா மரத்தின் முன் வாதாடியவன்

பதுளை

அன்பு மகள் ஜிப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு மழை முறைப்பாடு செய்கிறது. கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கும் உனக்கு நேரம் குறைவு என்பதால் விடயங்களை முதலில் இலக்கமிட்டுத் தருகிறேன்.

1. பக்கத்து வீட்டு நப்ரீஸின் கமரா நம் பின்வளவைப் பார்க்கிறது.
2. அது என் அந்தரங்க உரிமையை மீறுகிறது.
3. நப்ரீஸின் எண்ணம் நல்லதல்ல.
4. மத்தியஸ்த சபையில் எனக்கு நடந்தது.

நாலாவதை முதலில் சொல்லத்தான் ஆசை. ஆனாலும் ஒழுங்காகவே வருகிறேன். கமரா அவனுடைய சுவரில்தான் இருக்கிறது, பார்ப்பதோ நான் குளிக்கும் குழாயடியை. "தம்பி, உங்கட கேட் அந்தப் பக்கந்தானே?" என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பாதுகாப்புக்குத்தான் மாஸ்டர்" என்றான். யாருடைய பாதுகாப்பு? கொய்யாக் காய்க்கா? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பதற்கு அது பொருந்தாதாம்! நாட்டையே காக்க வந்த சட்டம் என் குழாயடியில் நின்றுவிட்டது. அதிர்ந்துபோய், அயல் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு எழுதினேன்.

வகுப்பில் குடியியல் படிப்பித்தவன்தான். ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு நா எழாது என்பது உனக்குத் தெரியும். அதனால் காலைதோறும் பின்வளவில் கொய்யா மரத்தைச் சபைத் தலைவராக வைத்துப் பேசிப் பழகினேன். சபை கூடிய அன்று, தோட்டப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்ற தலைவர் மாரிசாமி, "சொல்லுங்க மாஸ்டர்" என்றார். எழுந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. "சரி, கமரா எதத்தான் பாக்குதுன்னு பாத்துருவோம்" என்று நப்ரீஸின் போனை வாங்கினார். மகள், அந்தரங்கம் போகிறது என்று முறையிட வந்தவனின் அந்தரங்கத்தைச் சபை உறுப்பினர்களும், அடுத்த பிணக்குக்குக் காத்திருந்தவர்களும், உம்மாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்! அன்று காலைப் பதிவில் நான்: மடித்துக் கட்டிய சாரம், தலையில் துவாய். "கனம் தலைவர் அவர்களே!" என்று கொய்யா மரத்திடம் முழங்குகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மனித மாண்பு, எல்லாம் கணீரென்று கேட்கிறது. சேவல் கூவியதும், "குறுக்கிட வேண்டாம்!" என்று அதட்டுகிறேன்.

"இம்புட்டு நல்லாப் பேசுறீங்களே! அந்தக் கொய்யா மரம் குடுத்து வச்சதுங்க" என்றார் மாரிசாமி. உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னோட ஒரு நாளாச்சும் இப்பிடிப் பேசினீங்களா?" என்றாள். கமரா சொன்ன சாட்சியத்தாலேயே கமராவை வென்றேன். நப்ரீஸ் மறுபேச்சில்லாமல் அதை வீதிப் பக்கம் திருப்ப இணங்கிவிட்டான்.

அந்தப் பதிவை அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று மட்டும் எழுது. பேச்சில் குறையில்லை என்கிறார்கள். ஆனாலும் அந்தச் சாரம்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பொய் சொல்லாத கட்சிக்காரர்களையும் தருவானாக. மருமகனுக்கு என் சலாம்.

அன்புடன் வாப்பா,
இத்ரூஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உம்மா வாயைத் திறந்தாள். போன மழைக்கு நான் குழாயடியில் வழுக்கி விழுந்து, கூப்பிட்டும் யாருக்கும் கேட்காமல் கிடந்தேனே; அதற்குப் பிறகு நீதான் நப்ரீஸிடம் சொல்லிக் கமரா வைத்தாயாம். உன் போனிலும் தெரியுமாம். வாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றாயாம்; அதனால்தான் அந்தப் பிள்ளை சபையில் வாய் திறக்காமல் நின்றிருக்கிறான். அப்படியென்றால் என் ஒத்திகை முழுவதையும் நீ பார்த்திருக்கிறாய்! திருத்த வேண்டிய இடத்தையாவது சொல்லியிருக்கலாம். இப்போதுதான் நப்ரீஸின் வீட்டுக்குப் போய், கமராவைக் குழாயடிக்கே திருப்பச் சொல்லிவிட்டு வந்தேன். முதலாவதும் இரண்டாவதும் அப்படியே நிற்கின்றன. எதிராளி மட்டும் இனி நீ. நப்ரீஸைப் பற்றிய மூன்றாவதுதான் பிழை.