பசையக்கா போட்ட கையெழுத்துகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் என்னென்ன கிடைக்கவில்லை என்று யாராவது கேட்டால், பட்டியல் போட இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் போதாது. மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. சவர்க்காரமும் பற்றரியும் தீப்பெட்டியும் எப்போதாவது தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். ஆனால் ஒரேயொரு பொருளுக்கு மட்டும் குடாநாட்டில் ஒரு நாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. அது வாழ்த்து மடல். எந்தப் பொருளாதாரத் தடையாலும் அதைத் தடுக்க முடியவில்லை. ஏனென்றால் அது கப்பலிலோ லொறியிலோ வரவில்லை. என்னுடைய கட்டிலுக்கு எதிர்க் கட்டிலிலிருந்து வந்தது.

எதிர்க் கட்டில்காரிதான் பசையக்கா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அலுவலக வரவுப் புத்தகத்தில் இருந்தது. அதை வேறெவரும் பாவித்ததாக எனக்கு ஞாபகமில்லை. நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார், கல்யாணமாகவில்லை, அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். நான் கொடிகாமத்திலிருந்து வந்து அதே அலுவலகத்தில் எழுத்து வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த லிகிதர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் முன்னறையை எங்கள் இருவருக்கும் வாடகைக்குத் தந்திருந்தார்கள். அறைக்குள் முதல்முறை காலை வைத்தபோது என் செருப்பு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பசை கடையில் கிடைக்காத காலம். பங்கீட்டுக்குக் கிடைத்த கோதுமை மாவைத்தான் அவர் காய்ச்சினார். ஒரு நாட் காலை நான் பிட்டு அவிக்கப் போனால் மாப் பேணி வெறுமையாக இருந்தது.

"மா எங்கை அக்கா?"

"உந்தச் சட்டிக்கை இருக்குப் பாரும்."

"உது பசை!"

"பசையும் மாதான் சுகி. தண்ணி கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

அன்றைக்கு இரண்டு வாழைப்பழத்தோடு வேலைக்குப் போனேன். பின்னேரம் திரும்பி வந்தால் என் தலையணையில் ஒரு மடல். உள்ளே, 'பசி பொறுத்த தங்கைக்கு நன்றி.' அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிழித்தெறியலாமென்றால் பசை காயவில்லை, விரலோடு வந்துவிட்டது.

மடல் செய்யக் கடதாசி வேண்டுமே. பால்மாப் பெட்டி, பழைய கல்யாண அழைப்பிதழின் பின்பக்கம், கொப்பி மட்டை என்று கையில் அகப்பட்டதெல்லாம் மடலாகியது. மினுக்கத்துக்கு உடைந்த காப்புகளை அம்மியில் அரைத்துத் தூவுவார். வாழ்த்தைப் பெற்றவர்கள் முதலில் மகிழ்ந்து, பிறகு விரலிலிருந்து கண்ணாடித் துகள் பிடுங்குவார்கள். சிவப்புக்குப் பீற்றூட் சாறு. நவராத்திரிக்கு அவர் அனுப்பிய மடல் ஒன்றில் லட்சுமி நின்ற தாமரை முழுவதையும் எறும்பு தின்றுவிட்டது. பாவம் லட்சுமி, அந்தரத்தில் நின்றபடி அருள்பாலித்தார்.

இறகுக்கு? வீட்டுக்கார அன்ரி ஒரு சேவல் வளர்த்தார். மண்ணிறமும் பச்சையுமாக வாலை விரித்துக்கொண்டு முற்றத்தில் மந்திரி மாதிரி உலாத்தும். ஒரு நாள் அது மதிலோரமாக, பின்பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்தபடி, வெட்கப்பட்டு நடந்தது.

"பிள்ளையள், என்ரை சேவலை ஆர் மொட்டையடிச்சது?" என்று அன்ரி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தானா விழுந்த இறகு அன்ரி," என்றார் பசையக்கா, தலையை நிமிர்த்தாமல் வெட்டிக்கொண்டே.

"ஒரே நாளிலை ஒம்பது இறகு தானா விழுமோ?"

"அதுக்கும் ஏதும் கவலை இருக்கும்தானே."

அன்ரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கிழமையே அன்ரியின் பிறந்தநாளுக்கு, வால் விரித்த சேவல் படம் போட்ட மடலொன்று போய்ச் சேர்ந்தது. வால் நிசமான வால். அன்ரி ஒரு மணித்தியாலம் ஏசினார். பிறகு மடலைச் சாமியறைக்கு வெளியே சுவரில் கொழுவினார். சேவல் அந்தப் பக்கமே போகாது.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாத பழக்கம் வேறொன்று இருந்தது. பசையக்கா தன் பெயரில் மட்டும் மடல் அனுப்புவதில்லை. மற்றவர்கள் பெயரிலும் அனுப்புவார். அவர்களைக் கேட்காமல், அவர்களுக்காகக் கையெழுத்தும் தானே போட்டு! அலுவலகத்தில் எல்லாருடைய தனிப்பட்ட கோவைகளையும் தட்டெழுதுவது அவர்தான். யாருக்கு எப்போது பிறந்தநாள், யாருக்கு எப்போது கல்யாணநாள் என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். யார் யாருக்கு வாழ்த்துச் சொல்லவில்லை என்பதும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

எங்கள் பிரதம லிகிதர் சிரித்ததைக் கண்டவர் யாருமில்லை. அவருடைய இருபதாவது கல்யாணநாளன்று, வீட்டுக்குத் திரும்பிப் போகும் சாப்பாட்டுக் கரியருக்குள் பசையக்கா ஒரு மடலைச் செருகிவிட்டார். அடுத்த நாட் காலை பிரதம லிகிதரின் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார், மடலும் கையுமாக.

"இருபது வருஷமா இந்த மனிசன் சோத்தைப் போடு எண்டதைத் தவிர எனக்கு வேறை வசனம் சொன்னதில்லை. இப்ப என்னெண்டால், 'என் வாழ்வின் விளக்கே' எண்டு எழுதியிருக்கு! எனக்கு உண்மை தெரிய வேணும். இவர் இஞ்சை என்ன பிழை விட்டவர்?"

பிரதம லிகிதர் மடலை வாங்கிப் பார்த்தார். தான் எழுதவில்லை என்றால் ஒரு ஆபத்து, எழுதினேன் என்றால் இன்னொரு ஆபத்து.

"நான்தான் எழுதினனான்," என்றார், களவை ஒப்புக்கொள்பவர் மாதிரி.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். மடலைத் திரும்ப வாங்கினார். "எழுத்துப்பிழை கிடக்கு," என்று சொல்லிவிட்டு, கைப்பைக்குள் அதைக் கசங்காமல் வைத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானம் பிரதம லிகிதரின் சாப்பாட்டில் முட்டைப் பொரியல் இருந்தது. பின்னேரம் அவர் பசையக்காவைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நாங்கள் நினைத்தோம். "இனிமேல் உப்பிடியான சேட்டையள் வேண்டாம்," என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருஷம் எனக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு அனுப்பும்."

நானும் சிரித்தேன். என் பெயரிலும் ஒன்று போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு தமக்கை இருந்தாள், வதனி. குருநகரில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெடியன் ஒருவனை விரும்பி, ஒரு நாள் வீட்டைவிட்டுப் போய் அவனையே கட்டிக்கொண்டாள். எங்கள் வீடு சைவ வீடு. அப்பா அவளுடைய பெயரை எடுக்க வேண்டாமென்று கட்டளை போட்டார். ஆனால் என் கோபம் அப்பாவின் கோபமல்ல. அவள் போன கிழமையில்தான் உரும்பிராயிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பலகாரமும் சுட்டாயிற்று. அவர்கள் வரவில்லை, வரமாட்டோம் என்று ஆள் அனுப்பினார்கள். வதனி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்தவள். நாலு வருஷமாக நான் அவளோடு பேசவில்லை.

பசையக்காவுக்கு இது எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "கிழமைக்கு மூண்டு தரம் 'அவளைப் பற்றி என்னோடை கதைக்க வேண்டாம்' எண்டு சொல்லுவீர். நான் ஒரு நாளும் கதைக்கேல்லை. நீர்தான் தொடங்கிறது," என்றார்.

அந்த மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இரண்டு நாளுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. ஒரு ஆண் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சைக்கிளின் முன் பாரில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. பின்னால் இருந்து இறங்கியவள் வதனி. மெலிந்திருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். கையில் ஒரு மடல்.

நான் ஈரக் கையோடு நின்றேன்.

அவள் மடலை நீட்டினாள். முன்பக்கத்தில் நானும் அவளும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில், இரட்டைப் பின்னலோடு, தோளோடு தோளாக நின்று எடுத்த படம். எங்கள் இருவருக்கும் வெள்ளிக் கடதாசியில் சிறகு ஒட்டி, தேவதூதர் மாதிரிச் சம்மனசாக்கி, மேலே ஒரு நட்சத்திரமும் வைத்திருந்தது. அந்தப் படம் என் றங்குப்பெட்டியின் அடியில், சீலைகளுக்குக் கீழே கிடந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். உள்ளே எழுதியிருந்தது: 'அக்கா, நான் இன்னும் கோபமாய்த்தான் இருக்கிறன். எண்டாலும் நத்தாருக்கு நீ நல்லாய் இருக்க வேணும். சுகி.'

எனக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை எரிந்தது.

"உதை நான் எழுதேல்லை," என்றேன்.

"தெரியும்," என்றாள் வதனி. "உன்ரை எழுத்து எனக்குத் தெரியாதே? உனக்கு ஒரு நாளும் உவ்வளவு வடிவா எழுத வராது."

"பேந்து ஏன் வந்தனி?"

படத்தில் எங்களுக்கு நடுவே ஒரு மடிப்பு ஓடியது. அதன்மேல் பெருவிரலை வைத்துத் தடவினாள்.

"படம் உன்னட்டை இருந்ததுதானே," என்றாள். "நீ எரிச்சிருப்பாய் எண்டெல்லே நான் நினைச்சனான்."

பாரிலிருந்த குழந்தை அவ்வளவு நேரமும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னுடைய முதுகுப்பக்கம் எட்டிப் பார்க்க முயன்றது. பிறகு பெரிய குறையோடு கேட்டது:

"அம்மா, சின்னம்மாக்குச் சிறகு எங்கை?"

வதனியின் புருஷன்தான் முதலில் சிரித்தார். சிரித்ததற்காகப் பயந்து வாயை மூடினார். வதனி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் எப்போது குழந்தையை வாங்கினேன் என்று தெரியாது. என் ஈரக் கை பட்டு அதன் நத்தார்ச் சட்டை நனைந்ததும் அது கத்தியதும் ஞாபகம். அன்ரி ஓடிவந்து எல்லாரையும் உள்ளே கூட்டிப்போய்ப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தார். குழந்தை சேவலைத் துரத்தியது. பசையக்கா மட்டும் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அவர்கள் போனபிறகு நான் அறைக்குள் போனேன். வீட்டில் யாருக்கும் சொல்லாத சொற்களெல்லாம் அன்றைக்கு என் வாயில் வந்தன. கோதாரி பிடிச்ச பசை, கண்டறியாத வாழ்த்துக் காட், ஆர் உங்களைக் கேட்டது, மற்றவையின்ரை பெட்டியைத் திறக்க வெக்கமில்லையோ என்று மூச்சு முட்டுமட்டும் ஏசினேன்.

பசையக்கா கட்டிலின் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அப்படி அவரை நான் கண்டதில்லை.

"பெட்டியைத் திறந்தது பிழைதான் சுகி," என்றார். "சரிகைத் துண்டு தேடித்தான் திறந்தனான். படம் கையிலை வந்தது. அக்காவின்ரை பாதி பின்னுக்குப் போற மாதிரி மடிச்சு வைச்சிருந்தனீர். நான் நிமித்தி ஒட்டினனான். வேறை ஒண்டும் செய்யேல்லை."

"என்ரை கையெழுத்தைப் போட்டது?"

"அதுவும் பிழைதான். நீரே போடுவீர் எண்டு ரெண்டு நத்தார் பாத்துக்கொண்டிருந்தனான்."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் என் தலையணையில் 'கோபத்தின் நான்காம் நாளுக்கு நல்வாழ்த்துக்கள்' என்று ஒரு மடல் கிடந்தது. ஓரத்தில் என் புதுச் சட்டையின் லேஸ். மறுபடி முதலிலிருந்து ஏசத் தொடங்கினேன். அதாவது, பேசத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு நான் சைக்கிளில் குருநகருக்குப் போய் வதனி வீட்டில் சாப்பிட்டேன். அப்பா போக இன்னும் ஒரு வருஷம் எடுத்தது. போனவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய், வெகுநேரம் திரும்பி வரவில்லை என்று வதனி சொன்னாள்.

அதற்கு முன்பே பசையக்கா போய்விட்டார். வன்னியிலிருந்த அவருடைய அண்ணனின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. மூன்று சிறு பிள்ளைகள். "ஆரும் ஒராள் வேணுமெல்லே," என்றார், வேலையை விட்டார், ஒரு கிழமைக்குள் புறப்பட்டார். உடுப்பு ஒரு சின்னப் பையில். வெட்டிய துண்டுகளும் மட்டைகளும் இரண்டு பெரிய உரப்பைகளில். பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது என்னிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தக் குடைச் சீலை கிழிஞ்சு கிடக்கோ?"

"இல்லை. புதுசு."

"கிழியேக்கை சொல்லும்," என்று சொல்லிவிட்டு ஏறினார். பஸ் போய்விட்டது.

நான் அறைக்குத் திரும்பி வந்தேன். அலுமாரியைத் திறந்தேன், லாச்சியை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அடுத்த நாளும் குறையவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த அறையில் எனக்கு அதற்குப் பிறகு இருக்க மனம் வரவில்லை.