நங்கூரம் போட்ட பூஞ்சை

“கேட்டுக்குங்க! கடல் என்னைத் தேடிக்கிட்டு நாமக்கல்லுக்கே வந்துடுச்சு!”

லாரி பாடி கட்டும் பட்டறையின் நடுவில் நின்று குமரகுரு முழங்கியபோது உளிச் சத்தம்கூட நிற்கவில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தம் வீட்டு முருங்கைக்காயைப் பிடித்துத்தான் மொட்டை மாடிக்கு ஏறுவதாகச் சொல்லிக்கொள்பவர். அவர் வாயில் கடல் வந்தால் என்ன, கைலாயம் வந்தால் என்ன?

“வந்துச்சுன்னா வாட்டர் சர்வீசுக்கு உட்டுடலாம் சார்” என்றார் பட்டறைக்காரர் முருகானந்தம்.

குமரகுரு கை நீட்டிக் காட்டியது கந்தம்மாளின் புது லாரியை. ஏற்கெனவே இரண்டு லாரி ஓட்டும் முதலாளியம்மாவுக்கு இது மூன்றாவது. பாடி கட்டி முடிந்து, இன்னும் பட்டறை வாசலைக்கூடத் தாண்டாத வண்டி. பழைய கப்பலை உடைத்த மரம் என்று சொல்லித்தான் முருகானந்தம் தரைப்பலகை போட்டிருந்தார். அந்தப் பலகையில், மிளகைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள்.

“இது கடல் பூஞ்சை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் குடுவை. கழுத்துகூட இருக்கு பாருங்க. உள்ளே பை பையா இருக்கு, பைக்கு எட்டு ஸ்போர், பூஞ்சையோட விதை. மைக்ராஸ்கோப்புல வெச்சா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனையிலயும் வால்! அலையில மிதக்க, மரம் கிடைச்சா கவ்விக்க. நிலத்துப் பூஞ்சைக்கு எதுக்குய்யா நங்கூரம்?”

“ஏனுங்க வாத்தியாரே, அப்ப என்ற வண்டி முங்கீருமுங்களா?” என்றாள் கந்தம்மாள்.

“எண்ணெய்க் கறைங்க அது!” முருகானந்தம் எரிந்து விழுந்தார். “கடலாவது, பூஞ்சையாவது!”

“வெள்ளிக்கெழம வண்டிக்குப் பூசை. அதுக்குள்ள அழியலீன்னா பலகைய இழைச்சுத் தள்ளுங்க” என்றாள் கந்தம்மாள்.

குமரகுரு பலகைக்குக் குறுக்கே போய் நின்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பெயர் சூட்டிய செடிகளையே நடத்தியவர். அவர் பெயரில் ஒரு புல்கூட இல்லை. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. கடற்கரையில் ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவி சௌமியா வெள்ளிக்கிழமை வருகிறாள். அதுவரை பலகை பிழைக்க வேண்டும்.

கந்தம்மாள் சும்மா இருக்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று கல்லுப்பை வண்டிக்குச் சுற்றி, கண்ணேறு கரையட்டுமென்று தண்ணீரில் கரைத்து, பலகை மேலேயே ஊற்றினாள்.

மறுநாள் மிளகு பக்கப்பலகை முழுவதும் ஏறியிருந்தது.

“உப்பு அதுக்குத் தாய்ப்பால், அம்மா!” என்று குமரகுரு துள்ளினார்.

“போங்க சார், ஒரு கழுவு கழுவுனா ஓடிப்போவுது” என்று முருகானந்தம் குழாயை நீட்டினார். பட்டறைப் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கழுவக் கழுவ வெள்ளை நுரை பூத்தது. குழாயை மூடிய பிறகும் நுரை அடங்கவில்லை. காற்றே இல்லாத நடுப்பகலில் அது பலகையின் விளிம்புவரை மெல்ல வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது.

இப்போது உளிச் சத்தம் நின்றது.

கேபின் மேல் ஒரு வெள்ளைப் பறவை வந்து உட்கார்ந்தது. கோழியின் ஏழு தலைமுறையையும் ஒப்பிக்கக்கூடிய ஊர் நாமக்கல். அங்கே ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை.

“இன்னொரு மூட்டை உப்புக் கொண்டாங்க சாமி!” என்று கந்தம்மாள் அலறினாள். கொண்டுவந்து கொட்டினார்கள். பலகைக்கடியில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஓர் இரைச்சல் கிளம்பி, நிற்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஐயர் வாசலோடு திரும்பிவிட்டார். சௌமியா உள்ளே வந்தாள். ஒரு புள்ளியைச் சீவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தாள்.

“சார், குடுவை பழைய சாதிதான். ஆனா வால் வேற. யாரும் எழுதாத வால். புது இனம் சார்! ‘குமரகுருயி’ன்னு உங்க பேரை நானே வெக்கிறேன்.”

குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும். கடல் இங்க வந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார், சிரிப்பாங்க. மரம் கடலுக்குப் போயிருக்கு, அதோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அவ்வளவுதான்.” லேப்டாப்பைத் திறந்தாள். “எந்த மரத்துல வளர்ந்ததுன்னு எழுதணும். பழைய கப்பல் மரம், சரிங்களா?”

நுரை பலகையைத் தாண்டி இறங்கி, முருகானந்தத்தின் கால்விரலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“எழுதாதீங்கம்மா. அது மல்லசமுத்திரத்துல நான் வெட்டுன வேம்புங்க, கடலைக் கண்டதே இல்ல. சார் சொன்னது நெசம்... கடல்தான் வந்திருக்குது.”