மடக்கு நாற்காலியோடு வீடு பார்க்கிறவன்

ஒரே நகரத்தில் படிக்கிற கணவனும் மனைவியும், வாடகைக்கு விடத் தெருத்தெருவாக வீடுகள் காத்திருந்தும், கல்யாணமாகி ஆறு மாதமாக ஆளுக்கொரு திசையில் படுத்துத் தூங்கினால் தப்பு யார்மேல்? நகரத்தின் மேலா, வீட்டுக்காரர்கள் மேலா, ஜாதகத்தின் மேலா?

அவசரப்படாதீர்கள். பேட்டை ஆராய்ச்சிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்துக்கும் வீடு வேண்டும்தான். ஆனால் வீட்டுக்கு முன்னால் தெரு சரியாக இருக்க வேண்டும், தெருவுக்கு முன்னால் பேட்டை சரியாக இருக்க வேண்டும், பேட்டைக்கும் முன்னால் 'சரி' என்றால் என்ன என்பது தீர்மானமாக வேண்டும். அதற்குள் வீட்டில் வேறு யாராவது பால் காய்ச்சியிருப்பார்கள்.

நம்முடைய ஆள் தத்துவம் படிக்கிறான். மனைவி பல் மருத்துவம் படிக்கிறாள். இவன் ஆண்கள் விடுதியில், குறட்டை விடும் அறைத் தோழனோடு. அவள் சித்தி வீட்டுக் கூடத்தில், சித்தப்பா டிவியை அணைக்கிற வரைக்கும் விழித்திருந்து, அணைத்த பிறகு அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டு. இருவரும் சேர்ந்து தனியாக இருந்ததெல்லாம் காலி வீடுகளில்தான். அங்கேயும் கூடவே புரோக்கர் இருப்பார்.

இந்த இனம் ஒரு பேட்டைக்குள் நுழைவதே அழகு. பஸ்ஸைவிட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடும். பேட்டை நம்மைப் பார்ப்பதற்குள் நாம் பேட்டையைப் பார்த்துவிட வேண்டுமாம். தெரு நாய்களைக் கவனிக்கும். நடுத்தெருவில் மல்லாந்து கிடந்தால் நல்ல தெரு, சுவரை ஒட்டிப் படுத்திருந்தால் வண்டிகள் கண்மண் தெரியாமல் வருகிற தெரு. போகிறவரை நிறுத்தி "இந்த ஏரியா எப்படிங்க?" என்று விசாரிக்கும். நல்ல ஏரியா என்று சொன்னால் சந்தேகப்படும். மோசம் என்று சொன்னால் உடனே நம்பிவிடும்.

இதெல்லாம் இனத்தின் பொதுக்குணம். நாற்காலி இவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

தோளில் ஒரு மடக்கு நாற்காலியை மாட்டிக்கொண்டுதான் வீடு பார்க்க வருவான். காலி அறைக்கு நடுவே அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தடித்த தத்துவப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கம் படிப்பான். தலை நிமிராமல் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டால் அது வசிக்கத் தகுந்த இடம். அந்தப் புத்தகத்தை நூலகத்தின் நிசப்தத்தில்கூட யாரும் தலை நிமிராமல் படித்ததில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவள் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. "காலேஜ் பக்கத்துல இருந்தா வாழ்க்கையே காலேஜாயிடும்" என்றான். ஊருக்கு வெளியே ஒன்று. "பாதி ஆயுசு பஸ்ல போயிடும்." இரண்டுக்கும் நடுவே ஒன்று. "இது எந்தப் பக்கமும் சேராத இடம்மா." ஒரு மர நிழல் பேட்டையில் அதிசயமாக முழுப் பக்கத்தையும் படித்து முடித்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஒரு சத்தம்கூட இல்லையே. இங்க மனுஷங்க எல்லாம் எங்க போனாங்க?"

புரோக்கருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, முன்னால நான் கல்யாணத் தரகுதான் பண்ணிட்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தாங்காமத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆமா, தங்கச்சியையும் இப்படித்தான் நாற்காலி போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லண்ணே, அன்னிக்கு அவர்கிட்ட நாற்காலி இல்ல. அதான் நான் மாட்டிக்கிட்டேன்" என்றாள் அவள்.

மூவரும் சிரித்தார்கள். படி இறங்கும்போது அவள் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சித்தி பையன் குடும்பத்தோட வரான். மாசக் கடைசிக்குள்ள நான் கிளம்பணும். லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரே ஒரு இடம் இருக்காம். சேந்துட்டா படிப்பு முடியற வரைக்கும் வெளிய தங்க விடமாட்டாங்க."

"அப்படின்னா?"

"ரெண்டு வருஷம். உனக்கு வசதிதான். நிதானமா உக்காந்து படி."

இனத்தைச் சேர்ந்த வேறு ஒருவனாக இருந்தால் அன்றே பதறியிருப்பான். இவன் மறுநாளே 'அவசரத்தில் எடுக்கும் முடிவு முடிவாகுமா' என்று யோசிக்க ஆரம்பித்தான். மாதம் யோசிக்கவில்லை, அதுபாட்டுக்குப் போயிற்று.

கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் புரோக்கர் பஸ் டிப்போவை ஒட்டிய தெருவுக்கு அழைத்துப்போனார். கீழே தகரப் பட்டறை, மேலே வீடு. தெருவில் நாய்களே இல்லை. எந்த நாயும் அங்கே படுக்கத் துணியவில்லை.

"காட்டவே கூச்சமா இருக்கு தம்பி. வழியில இருக்கேன்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடலாம்."

சம்மட்டி விழும்போதெல்லாம் தரை உள்ளங்காலில் பேசியது. ஜன்னலைத் திறந்தால் டீசல் நாற்றமும் டிப்போச் சுவரும். பழக்க தோஷத்தில் அவன் நாற்காலியைப் பிரித்தான். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் அவள். பகல் முழுவதும் யார் யாருடைய வாய்க்குள்ளோ குனிந்து நின்றுவிட்டு வந்தவள்.

"அஞ்சு நிமிஷம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

கீழே தகரம் அலறியது. வெளியே பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. அவள் அசையவில்லை, தன்னிடம் வரும் நோயாளிகளைப் போலவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். மடியில் புத்தகம் திறந்தபடி கிடந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் தலை அதன் பக்கம் குனியவே இல்லை.

வாசலிலிருந்து புரோக்கர் கூப்பிட்டார். "போலாமா தம்பி? அடுத்த தெருவுல இன்னொண்ணு..."

"ஷ்! சத்தம் போடாதீங்கண்ணே."

புரோக்கர் கீழே பட்டறையை ஒருமுறை பார்த்தார், இவனை ஒருமுறை பார்த்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? குடுத்துட்டுப் போங்க" என்றான் இவன்.

ஏன் அந்த வீடு? புரோக்கர் கேட்டார், அறைத் தோழன் கேட்டான், விழித்தெழுந்து அவளும் கேட்டாள். எதற்கும் இரண்டு பக்கத்துக்குக் காரணம் சொல்லக்கூடியவன் இதற்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

நீங்களும் இப்போது அதைத்தானே கேட்கிறீர்கள்? கேளுங்கள், தப்பில்லை. ஆனால் 'நானாக இருந்தால் அந்த மர நிழல் பேட்டையை விட்டிருக்க மாட்டேன்' என்று நடுவில் ஒரு கணம் கணக்குப் போட்டிருந்தீர்களானால், எதற்கும் உங்கள் பரணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே ஒரு மடக்கு நாற்காலி இருந்தாலும் இருக்கும். அவன் வீட்டில் இப்போது அது இல்லை. குடிவந்த அன்றே அதைக் கீழே பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட்டான். ஏன் என்று அவரும்தான் கேட்டார்.