பதினெட்டேகால் அங்குலத் தோள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. என் இரண்டு கைகளின் சுண்டுவிரல்களும் மோதிரவிரல்களும் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். அங்கே நீங்களும், அக்காவும், உங்கள் ஐந்து சைக்கிள்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேனா கையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதற்கும் நீங்களே பொறுப்பு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீங்கள் அனுப்பிவைத்தீர்களே, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள், அதை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைக்கு உங்கள் கூட்டத்தோடு அறுபது கிலோமீட்டர் மிதிக்கிறேன், யார் முன்னால் போகிறார்கள் பார்ப்போம் என்று போனில் சவால் விட்டேன் அல்லவா, அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த சைக்கிள் எதற்காக இந்த வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? ஓய்வு பெற்று மூன்று மாதம் வீட்டில்தான் இருந்தேன். உங்கள் தங்கை தைக்கிற முன்னறையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என்னால் ஆன உதவியைச் செய்துகொண்டிருந்தேன். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன். அவள் அளந்து வைத்த துணியை இன்னொரு தரம் அளந்து, அரை அங்குலம் கோணல் என்று எடுத்துச் சொன்னேன். இதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலை குளித்துவிட்டு வருகிறேன், அவள் உங்களோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். "அவரு வந்து உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு அண்ணா. ஒரு வேலையும் ஓடல. பேச்சு, பேச்சு, பேச்சு. அவரை எப்படியாவது வெளிய கெளப்பி விடணும், இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்." துண்டும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன் மச்சான். அடுத்த வாரமே சைக்கிள் வந்து இறங்கியது. எனக்கென்ன புரியாதா? புரிந்தது. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சைக்கிளோடு நீங்கள் கட்டி அனுப்பிய சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ஹேண்டில்பார் அகலம் உங்க தோள் அகலத்துக்குச் சரியா இருக்கணும். இதுல இருக்கிறது நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர். சரியில்லன்னா அளந்து மாத்திக்குங்க." இந்த வரியை முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக இருந்தவனுக்கு எழுதலாமா? மலையை அளந்திருக்கிறேன், ஆற்றை அளந்திருக்கிறேன், அண்ணன் தம்பி அரிவாளோடு நின்ற வரப்பை அளந்திருக்கிறேன். என் தோளை அளக்க மாட்டேனா? எஃகு நாடாவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். நாடாவைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் தோள் எலும்பு இடம் மாறிவிடுகிறது. கையை இறக்கினால் நாடா நழுவிவிடுகிறது. முதல் தடவை நாற்பத்துநான்கு, இரண்டாம் தடவை முப்பத்தொன்பது, மூன்றாம் தடவை நாடா சுருண்டு வந்து காதில் அடித்தது. சரி என்று சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு தோளுக்கும் பென்சிலால் குறி போட்டேன். இடது குறிக்கும் வலது குறிக்கும் இரண்டு அங்குலம் ஏற்ற இறக்கம். உங்கள் தங்கை வந்து சுவரைப் பார்த்து, "என்னங்க, சின்னப்புள்ள மாதிரி சுவத்துல கிறுக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள். அவளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லியிருப்பாள் என்று நீங்கள் சொல்வீர்கள். வெளியே கிளப்பிவிட வேண்டும் என்று சொன்னவளிடமே போய், நான் கிளம்புவதற்கு அளவெடுத்துக் கொடு என்று நிற்பேனா? எனக்கும் ரோஷம் இருக்கிறது.

அதனால் அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய அளவு நோட்டை எடுத்தேன். அவள் யாருக்கும் பெயர் எழுதுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். "பல் டாக்டரம்மா", "கோடிவீட்டு ஒல்லி", "ரெண்டு தடவ கைய மாத்தச் சொன்னவங்க" என்று போகிறது. பதினேழாம் பக்கத்தில், மேலே வெறுமனே "அவர்" என்று போட்டு, அடிக்கோடும் போட்டிருந்தது. முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய பெண், ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் "அவர்" என்று எழுதினால் அது யாராக இருக்க முடியும்? தோள் பதினெட்டேகால் என்று இருந்தது. மார்பு நாற்பத்தாறு. அதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலையை விட்டதும் உடம்பு போட்டுவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். தையல்காரி பொய்யா எழுதுவாள்? உண்மையைச் சொன்னால் அன்றைக்குச் சாயங்காலம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். பதினெட்டேகால் அங்குலம் என்றால் நாற்பத்தாறு புள்ளி மூன்று ஐந்து ஐந்து சென்டிமீட்டர். நீங்கள் அனுப்பிய நாற்பத்திரெண்டு எனக்குக் குழந்தை சைக்கிள்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு நாப்பது போதும் சார். பாத்தாலே தெரியுதே," என்றார். பார்த்தாலேவாம்! பார்த்து அளக்கிற ஊரில் எதற்கு ஐயா நாடா செய்கிறார்கள்? நான் விடவில்லை. உங்கள் நாற்பது எங்கிருந்து எங்கே, குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கா, வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கா என்று கேட்டேன். "அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சார்," என்றார். மாறுமா! அளவு மாறுமாம், அதைச் சொல்லிவிட்டு மனிதர் நிம்மதியாக டீ குடிக்கிறார். எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளந்தால் நடுவிலிருந்து நடுவுக்குத்தான் என்று அரைமணி நேரம் எடுத்துச் சொல்லி, நடுவுக்கு நடு நாற்பத்தாறு வாங்கி மாட்டச் சொன்னேன். ஆக வெளியிலிருந்து வெளிக்கு நாற்பத்தெட்டு. "உங்க இஷ்டம் சார். கை மரத்துப்போனா எங்கிட்ட வந்து சொல்லாதீங்க," என்றார். சொல்லவில்லை. உங்களிடம்தானே சொல்கிறேன்.

புது ஹேண்டில்பாரோடு முதல் நாள் வண்டியை எடுத்து வெளியே போவதற்குள்ளேயே வினை. வெட்டுகிற மேசைக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே இருக்கிற சந்து உங்களுக்குத் தெரியும், அதில் பழைய ஹேண்டில்பார் சமர்த்தாகப் போய் வந்துகொண்டிருந்தது. புதியது ஒரு பக்கம் மேசையை இடித்தது, அதைத் திருப்பினேன், மறுபக்கக் கொம்பு என்ன செய்தது தெரியுமா, ஹேங்கரில் மாட்டியிருந்த கோட்டின் கைக்குள் புகுந்துகொண்டது. நான் கவனிக்கவில்லை. கோட்டோடு படியிறங்கி, கோட்டோடு ஏறி உட்கார்ந்து, கோட்டோடு தெருமுனை வரை போயிருக்கிறேன். எதிரே வந்த தபால்காரர், "சார், பின்னாடி யாரையோ இழுத்துக்கிட்டுப் போறீங்க!" என்று கத்தின பிறகுதான் பார்த்தேன். கோட்டின் கை அக்குளோடு கிழிந்துவிட்டது.

அது மாடிவீட்டுக்காரர் கோட்டு. நீச்சல் குளத்தில் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் அவர். எனக்கு முந்தின வருடம் ஓய்வு பெற்றவர். தனக்கு ஏதோ பாராட்டு விழா என்று, சைக்கிள் வருவதற்கும் முன்னாலேயே, கோட்டு தைக்கக் கொடுத்ததிலிருந்து தினமும் பத்து மணிக்கு இறங்கி வந்து, நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மணி வரைக்கும் தண்ணீரைப் பற்றியே பேசுவார். கோட்டு கிழிந்ததில் மனிதருக்குக் கோபமே வரவில்லை. "பரவால்ல, இன்னும் ஒரு மாசம் வந்து போறேன்," என்றார். உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதோடு விட்டாரா? வாசலில் நின்ற சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்து, "அட! எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே!" என்று குதூகலம் வேறு. இறங்குமய்யா என்றேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஓட்டுகிற அவஸ்தையையும் கேளுங்கள். பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறது போல இருக்கிறது. எதிர்காற்று முழுக்க என் நெஞ்சுக்குத்தான் வருகிறது. தோள்பட்டை விரிந்து, கழுத்து உள்ளே போய், மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கி, பத்தாவது நிமிடம் இரண்டு விரல், இருபதாவது நிமிடம் நாலு விரல். பூங்கா வாசலில் வண்டிகள் நுழையாதிருக்க இரண்டு தூண் நட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சர்ரென்று உள்ளே போகின்றன, நான் இரண்டு கை முட்டியையும் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள், "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க பெரியவரே," என்கிறார்கள். நேற்றைக்குக் காலையில் சட்டைப் பட்டன் போட வரவில்லை மச்சான். விரலுக்குப் பட்டனே தெரியவில்லை. உங்கள் தங்கை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மேலிருந்து கீழ்வரை போட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி என்று சொல்லிவிட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்: வெளியே அனுப்ப வேண்டும் என்றால் நேரடியாகச் சொல்லியிருக்கலாம். நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். விரலை வாங்கிக்கொண்டா அனுப்ப வேண்டும்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வரவும். அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கும், உங்கள் ஐந்து சைக்கிள்களின் பத்து சக்கரங்களுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மரத்த கையோடு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்ட விரல் ஒத்துழைக்காததால் உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். மடித்துத்தான் கொடுத்தேன், அவள் பிரித்துப் படித்துவிட்டாள். முழுவதும் படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அவரு?"

"நான்தான்."

"நான் என்னைக்காவது உங்களை அவருன்னு சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன்.

"நீங்க மூணு மாசம் மலையில கூடாரம் போட்டு உக்காந்திருந்தப்பகூட, கேக்கறவங்ககிட்ட எல்லாம் இவரு ஊர்ல இல்லன்னுதான் சொன்னேன். எங்க இருந்தாலும் நீங்க இவருதான். அவருங்கறது மாடிவீட்டு ஆளு. அந்த மனுஷன் பேச்சைத் தாங்க முடியலன்னு அண்ணன்கிட்ட அழுதா, அண்ணன் உங்களுக்கு சைக்கிள் அனுப்பி வெச்சிருக்கு. ஆளுக்கு ஆள் சரியாப் போச்சு!"

மச்சான், கூடப் பிறந்த உங்களுக்கும் தெரியவில்லை, கூடக் குடித்தனம் செய்த எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதமாக நான் மாடிவீட்டுக்காரர் தோளைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப நோட்டுல என் அளவு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு நோட்டு? தோள் பதினஞ்சே முக்கால். எழுதி வெச்சா ஞாபகம் வெச்சுக்கணும்?" என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பதினைந்தே முக்கால் என்றால் சரியாக நாற்பது சென்டிமீட்டர். கடைக்காரரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். வண்டியை எடுக்க வர வேண்டாம். வண்டி இங்கே இல்லை. காலை பத்து மணிக்கு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தபோது, பேசாமல் சைக்கிளை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது மணி ஒன்றாகிறது, இன்னும் திரும்பவில்லை. வீட்டில் தையல் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை சவால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் ஐந்தில் ஒன்றை எனக்காகக் கொண்டுவாருங்கள். நான் பன்னிரண்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டுமாம், நூல்கண்டெல்லாம் கலைந்து கிடக்கிறதாம்.

ஹேண்டில்பார் நாற்பது, நடுவுக்கு நடு. எதிலும் எழுதி வைக்காதீர்கள்.