எங்கள் வீட்டு ரேடியோவை நிறுத்திய விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ நலமா, அத்தான் நலமா என்று கேட்க ஐந்து மாதமாகப் போன் போடுகிறேன், நீ எடுப்பதில்லை. ஆகவே பழையபடி காகிதம், உறை, தபால்தலை. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அத்தான், "சிகரெட்டை விட்டு ஆறு மாசம் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தார். உடனே என் மகள், "மாமா, நீங்க சிரிச்சா பொய் சொல்றீங்கன்னு அப்பா சொன்னாரே, இதுவும் பொய்யா?" என்று கேட்டாள். நீ அத்தானின் சட்டைப் பையில் கையை விட்டாய். சிகரெட் பாக்கெட்டோடு வந்தது கை. அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார், பின்னாலேயே நீயும் போய்விட்டாய். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை. ஏழு வயதுக் குழந்தையின் கற்பனை. அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தவளே நீதான். ரேடியோவில் வருவதெல்லாம் செய்தியா? இருந்தாலும் எனக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது நீ ஒருத்தி. உன்னை இழக்க முடியாது. அதனால் யோசித்துப் பேசுவது எப்படி என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நீ இனிமேல் தைரியமாக வரலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று முதலில் சுலபமான வழியாகத்தான் ஆரம்பித்தேன். வாயைத் திறக்கும் முன் பத்து வரை எண்ண வேண்டும், நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று விளக்கமும் கொடுத்தேன். மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்குகிறது, இவள் பக்கத்தில் நின்று விரலை மடக்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளேயிருந்து என் மனைவி "என்னடி தீயிற வாசனை?" என்று கேட்க, குறுக்கிட்டுவிட்டார்களே என்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். பத்து முடிந்ததும் சமையலறை வாசலில் நின்று நிதானமாக, "பால் பொங்கி முடிஞ்சிடுச்சு" என்று அறிவித்தாள். நான் பாராட்டினேன். பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த என் மனைவி பாராட்டவில்லை.

அடுத்துதான் பெட்டி. தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். எந்தப் புகாரையும் எழுத்தில் வாங்கு, எண் போடு, மூன்று வேலை நாட்களுக்குள் பதில் சொல்: இந்த முறையில் நகரமே ஓடும்போது ஒரு குழந்தை ஓடாதா? பழைய செருப்புப் பெட்டியின் மூடியில் துளை போட்டு வைத்தேன். சொல்ல நினைப்பதைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். எழுதும்போதே பாதி விஷயம் அவசியமில்லாதது என்று அவளுக்கே புரிந்துவிடும் அல்லவா? சாயங்காலம் நான் வந்து எண் போடுவேன், மூன்றாம் நாள் படிப்பேன். சனி, ஞாயிறு கணக்கில் சேராது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுத் தையல்காரர் நனைந்த துணி மூட்டையோடு மேலே வந்தார். "உங்க தொட்டி காலையிலேர்ந்து வழியுது, ஜன்னல் வழியா என் மெஷின் மேல கொட்டுது. நீங்க தண்ணி ஆபீஸ்லதானே சார் வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கொன்றது. மகளைக் கூப்பிட்டு, "தொட்டி வழியறது உனக்குத் தெரியுமா?" என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். "அப்புறம் ஏன்டி சொல்லல?" பெட்டியைக் காட்டினாள். உள்ளே பதினொன்றாம் சீட்டு: 'மாடியில தண்ணி வழியுது.' முறைப்படி அதற்குப் புதன்கிழமைதான் பதில். தையல்காரரிடம் அந்த முறையை விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே மூட்டையைப் பிழிந்துவிட்டுப் போனார்.

பதினான்காம் சீட்டில் 'பல் ஆடுது, பயமா இருக்கு' என்று எழுதியிருந்தாள். நான் படிப்பதற்குள் பல் விழுந்துவிட்டது, அவளே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். ஆபீஸ் பழக்கத்தில் 'பிரச்சினை தானாகத் தீர்ந்தது' என்று எழுதிச் சீட்டை முடித்துவிட்டேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சிரிக்காததால்தான் பல் போனதே எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு பெட்டி காலி. ஒரு சீட்டுகூட இல்லை. எங்கள் பிரிவில் ஒரு மாதம் புகார் வராவிட்டால் மேலதிகாரி வந்து கைகுலுக்குவார். அந்தப் பெருமையில், குழாய் பழுது பார்க்கும் எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "புகாரே வரலைன்னா தண்ணி நல்லா வருதுன்னு அர்த்தமில்ல சார். நம்மகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லன்னு ஜனங்க விட்டுட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். வயசானவர், எதையாவது சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "கேள்வி கேட்டா உதடு மட்டும் அசையுது சார், சத்தம் வர மாட்டேங்குது. முன்னெல்லாம் இவளை அடக்குறதே எனக்கு வேலையா இருக்கும். வீட்ல ஏதாவது நடந்துச்சா?" என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். என் மனைவி போனைப் பிடுங்காத குறை. "குழந்தை வாய்க்குப் பூட்டுப் போட்டீங்களே, சாவியை எந்த ஃபைல்ல வெச்சீங்க?" என்று கேட்டவள், அன்றிலிருந்து என்னிடம் எண்ணி எண்ணித்தான் பேசுகிறாள்.

அக்கா, இருபது நாளாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டேன். "இனிமே என்ன வேணா பேசு, எப்ப வேணா பேசு" என்று கெஞ்சிப் பார்த்தேன். என்னையே பார்க்கிறாள், யோசிக்கிறாள், போய்விடுகிறாள். சாப்பிட்டியா என்றால் தலை, தூக்கம் வருதா என்றால் தலை. வீடு, இன்னும் திறக்காத கடை மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் மூச்சு விடாமல் பேசியதெல்லாம் உன் மடியில் உட்கார்ந்துதான். கடித ஆரம்பத்தில், தைரியமாக வரலாம் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கிறேன். அதை விடு. வந்து அவளைப் பேச வை. அத்தானைப் பற்றியே பேசினாலும் சரி. நீங்கள் இரண்டு பேரும் அவள் கற்பனையை மன்னித்துவிட்டால் போதும், குழந்தை தெரியாமல் சொன்னதுதானே.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்து, படிக்கட்டு உனக்குப் பூவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாசலையே பார்த்திருக்கும் தம்பி

பி.கு.: பசை தேடி உள்ளே போன நேரத்தில் ரேடியோ இந்தக் கடிதத்தை விரல் வைத்துப் படித்துவிட்டாள். நான் திரும்பி வந்ததும் பேசினாள். "கற்பனை இல்லப்பா. நீங்க அம்மாகிட்ட சொன்னீங்க, ரெண்டு வாட்டி. நான் யோசிச்சேன், அதை மாமாகிட்டயே கேக்கலாமான்னு. மாமா வர்றதுக்கு முந்தின நாள் உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க, கேளுன்னு தலையாட்டினீங்க." அவ்வளவுதான் பேசினாள். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது அக்கா. வீட்டு நம்பருக்கே கூப்பிட்டிருந்தார் யாரோ ஒருவர், குழாயில் காற்றுதான் வருகிறது என்று. பதினெட்டு நிமிடம், அவர் சொன்னதில் ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். மேலே நான் எழுதியது அத்தனையையும் அடித்துவிடு, வரச் சொன்னதைத் தவிர. 'தவறு எங்களுடையது' என்று எங்கள் பிரிவில் யாரும் வாயால் சொல்லக் கூடாது, அது விதி. உன்னிடம் எழுதிவிடுகிறேன்: தவறு என்னுடையது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன், யோசித்தேன், மூடிவிட்டேன்.