தானாக வெடிக்கிற துவக்கு

நான் எதையும் லேசில் நம்பமாட்டேன். பால் வாங்கினால் திகதி பார்ப்பேன். பிறகு திறந்து மணந்தும் பார்ப்பேன். ரயில் வருகிறது என்று பலகையில் எழுதியிருந்தாலும் தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. நான் படகில் வந்தவன். "நல்ல படகு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மூன்றாம் நாளிலிருந்து வாளியால் தண்ணீர் இறைத்தோம். இன்றைக்கும் யாராவது "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொன்னால் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும்.

இப்படிப்பட்ட ஆளின் கையில் ஒரு பிஸ்டலைக் கொடுத்தார்கள்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதிப் பழக்கமில்லை. மகள்தான், "எழுதுங்கோ அப்பா, எல்லாரும் பிழையாச் சொல்லிக்கொண்டு திரியினம்" என்றாள். (அவளும் பிழையாகத்தான் சொல்கிறாள்.)

அப்போது சிட்னியில் வங்கி இயந்திரங்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலாளாக இருந்தேன். வீடு வென்ட்வேர்த்வில்லில். டிப்போ பரமட்டாவுக்கு அப்பால். நிரந்தர விசா கிடைத்திருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் பொலிஸ் கோப்பு எதிலும் என் பெயர் வரக்கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால், நடந்துபோகும்போதுகூட நின்றேன். ஆளில்லாத தெருவிலும் நின்றேன்.

அந்த வருடம் நிறுவனம் பழைய பிஸ்டல்களை எடுத்துவிட்டுப் புதியது வாங்கியது. எந்தக் கொம்பனியுடையது என்று எழுதமாட்டேன். (அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். என்னிடம் மனைவி சுகந்தி மட்டும்தான் இருக்கிறாள்.)

என்னோடு ஒரே வண்டியில் வேலை செய்தவர் பாலாஜி. கோயம்புத்தூர்ப் பக்கம். வார விடுமுறையில் பிஸ்டல் கிளப்புக்குப் போய் அட்டையைச் சுடுகிறவர். எந்தப் பிஸ்டலில் எத்தனை ஸ்பிரிங் என்று கேட்டால் சொல்வார். புதியதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அண்ணா, இந்தக் கம்பெனியா? எங்க கிளப்ல பாதிப் பேரு தொடமாட்டாங்க."

"ஏன்?"

"தானா வெடிக்கும்."

"தானா எண்டால்?"

"சும்மா இருக்கும்போதே. உறையில கெடக்கும், கையே வெச்சிருக்கமாட்டோம். ஒருத்தர் மாடிப்படி எறங்கியிருக்கார், டப்புன்னு தொடையில."

"கொம்பனி என்ன சொல்லுது?"

"ஒரு பிரச்சினையும் இல்லைங்கறான். ஆனா திருப்பி அனுப்பினா உள்ள இருக்கறதை மாத்திக் குடுக்கறானாம்."

எனக்கு வாளி ஞாபகம் வந்தது.

கிளப்பில் இதைப்பற்றி இரண்டு கட்சி என்றார். வைத்திருப்பவர்கள் இதுபோல் நல்லது ஒன்று இல்லை என்பார்களாம். விற்க நினைக்கிறவர்களும் அதையேதான் சொல்வார்களாம். வாங்கத்தான் ஆள் வருவதில்லை.

நானும் கையில் வைத்துப் பார்த்தேன். பழையதில் பெருவிரலால் தள்ளுகிற பூட்டு ஒன்று இருந்தது. தள்ளினால் பூட்டும். கண்ணால் பார்க்கலாம். புதியதில் அது இல்லை. பூட்டு உள்ளே இருக்கிறதாம். தானாகப் பூட்டுமாம், தானாகத் திறக்குமாம். உள்ளே இருக்கிறதை எப்படி நம்புவது?

அன்றிலிருந்து வலது காலை அகட்டி நடந்தேன். வண்டியில் ஒரு பக்கத்தால் மட்டும் குந்தியிருந்தேன். ஆறு வாரத்தில் அது பழகிவிட்டது. பிஸ்டல் இல்லாத நேரமும் நடை மாறவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அன்ரி, "தம்பிக்கு மூலவியாதியோ பிள்ளை?" என்று சுகந்தியிடம் கேட்டிருக்கிறார். கருணைக்கிழங்கும் ஒன்று சும்மா கொடுத்துவிட்டார்.

டிப்போவில் ஆயுத அறை மார்கரெட்டின் பொறுப்பு. முன்பு பொலிசில் இருந்தவர். ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. சுவரில் நாட்காட்டி தொங்கவிட்டு ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் யன்னலால் பிஸ்டலைத் தருவார். ஒரு தாள் இருக்கும். பிஸ்டல் பார்த்தாயிற்று, உறை பார்த்தாயிற்று என்று இரண்டு கட்டம். நான் கையெழுத்து வைக்க, பக்கத்தில் அவரும் வைப்பார்.

பிஸ்டலை நான் ஏழு நிமிடம் பார்ப்பேன். வெளிச்சத்தில் பிடிப்பேன். காதில் வைத்துக் கேட்பேன். (என்ன கேட்கும் என்று நினைத்தேனோ தெரியாது.) உறைக்கு ஒரு கோடு போடுவேன். பிளாஸ்டிக் உறை. அதில் என்ன இருக்கப்போகிறது?

"துவக்கைவிட உன்னைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார் மார்கரெட் ஒருநாள், ஆங்கிலத்தில். அவரையும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கடைசிநாள் பூசையில், அவரவர் தொழில் செய்கிற பொருளைச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்து எடுப்போம். சுகந்தி என் நடையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

"அந்தத் துவக்கைக் கொண்டுவந்து பூசையில வையுங்கோ. பிறகு ஒண்டும் செய்யாது."

"துவக்கை வீட்டை கொண்டுவந்தால் பொலிஸ் பிடிச்சு மறியலில போடும்."

"அப்ப உறை?"

"உறை கொண்டுவரலாம்."

"உறை வரட்டும். காய்ச்சலுக்கு நெத்தியிலதானே பத்துப் போடுறம்."

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் பட்டது. எதையும் நம்பாத ஆள் இதை மட்டும் நம்பினேன்.

மகளின் மடிக்கணினி, என் கார்ச் சாவி, சுகந்தி வேலைக்குக் கொண்டுபோகும் கத்தி (முதியோர் இல்லத்துக் குசினியில் அவளுக்கு வேலை), எல்லாவற்றுக்கும் நடுவில் உறை. சந்தனமும் குங்குமமும் வைத்து, மடிக்கணினியில் சாய்த்து, வாய் மேலே பார்க்க நிறுத்தியிருந்தாள். நான் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது உறையிலிருந்து ஒரு செவ்வந்திப் பூ எட்டிப் பார்த்தது. கும்பிட்டேன்.

அடுத்த நாள் விஜயதசமி. தொழிலைப் புதிதாகத் தொடங்குகிற நாள். பூவை எடுத்துவிட்டு உறையை இடுப்பில் போட்டேன். கடலையும் வடையும் அவலும் சாப்பாட்டுப் பையில். வேலைக்குப் போகும்போது கால் நேராகத்தான் இருந்தது.

மார்கரெட் பிஸ்டலைத் தந்தார். ஏழு நிமிடம் பார்த்தேன். தாளில் கையெழுத்து, பக்கத்தில் அவருடைய கையெழுத்து. மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் முனையை வைத்துத் தோட்டா போட்டேன். எல்லாம் சட்டப்படி. பிறகு விரலை நீட்டி வைத்துக்கொண்டு பிஸ்டலை உறைக்குள் தள்ளினேன். கொஞ்சம் இறுகியது.

அம்பாள் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

வெடித்தது.

குண்டு என் காலுக்குப் பக்கத்தால் இறங்கி, சாப்பாட்டுப் பையைத் துளைத்து, ரப்பர் விரிப்பில் புதைந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடலை மட்டும் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. பாலாஜியின் மீசையிலும் இரண்டு.

"அண்ணா, அடிபட்டுச்சா?" என்று அவர் கேட்கவில்லை. "நான் சொன்னேன்ல" என்றார்.

வடையும் போய்விட்டதே என்று நினைத்தேன்.

மார்கரெட் பிஸ்டலையும் உறையையும் ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். பொலிஸ் வந்தது. என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதியது. என் பெயர் நீளம். எழுதி முடிக்கும்வரை என் குடியுரிமை கண்ணுக்கு முன்னால் எழுத்தெழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. ஆயுத அனுமதியை நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்றார்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். சந்தேகம் சரிவருவதுபோல ஒரு சந்தோஷம் வேறு இல்லை. காவலாட்கள் ஒருவரும் அந்தப் பிஸ்டலைத் தொடமாட்டோம் என்றார்கள். கிளப்பில் என் பெயர் பரவியது. "அண்ணா சும்மா நின்னாரு, கையக் கட்டிட்டு நின்னாரு" என்று பாலாஜி சொல்லிவைத்திருந்தார். (கை கட்டவில்லை.) விற்க நினைத்தவர்கள் ஆசையை விட்டுவிட்டார்களாம்.

இரண்டாம் வாரம் கொம்பனி ஆள் மெல்பேர்னிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர். சிரித்தபடியே இருந்தார். பார்த்தவுடனேயே சந்தேகப்பட்டேன். மார்கரெட், நான், எனக்குத் துணையாகப் பாலாஜி. மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பிஸ்டலைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பூட்டினார். ரப்பர் சுத்தியலால் தட்டினார். இடுப்பு உயரத்திலிருந்து போட்டார். விசையை இழுத்தால் அடித்தது, இழுக்காவிட்டால் அடிக்கவில்லை.

"ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்.

நான் பாலாஜியைப் பார்த்தேன். பாலாஜி என்னைப் பார்த்தார்.

"உறையைப் பார்க்கலாமா?" என்றார் கொம்பனி ஆள்.

உறையைக் கவிழ்த்துத் தட்டினார். வெள்ளைத் துணியில் குங்குமம் விழுந்தது. காய்ந்த சந்தனம் விழுந்தது. பிறகு ஒல்லியான திருப்புளி ஒன்றை விட்டு நெம்பினார். டொக் என்று ஒன்று விழுந்து உருண்டு என் பக்கமாக வந்து நின்றது. மண்ணிறம். ஒரு பக்கம் பாதியாக வெட்டிய முகம். அதில் விசை அமத்திய பள்ளம்.

"இது என்ன?" என்றார் அவர். மார்கரெட் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

பாலாஜி மெதுவாக, "அண்ணா, இது கொட்டைப் பாக்கு" என்றார்.

"தெரியும்."

"பூஜையில வெச்சீங்களா?"

"உறை வைச்சனான். பாக்கு வைக்கேல்லை."

"பேசாம இருங்க. நான் பாத்துக்கறேன்." அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "சாப்பாட்டிலிருந்து பறந்து வந்திருக்கும். அன்றைக்கு நிறையப் பறந்தது."

கொம்பனி ஆள் முதல்தடவையாகச் சிரிப்பதை நிறுத்தினார். "சாப்பாடு வெளியே இருந்தது. இது துவக்குக்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறது. உறையைப் பார்த்ததாகக் கையெழுத்து வைத்தது யார்?"

நான் வாயைத் திறக்கமுதல், "நான்" என்றார் மார்கரெட். தாளை எடுத்துத் தன்னுடைய கையெழுத்தைக் காட்டினார். பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். வெட்டாத நாட்கள் கொஞ்சம்தான் இருந்தன.

சும்மா இருந்திருக்கலாம். என்ன பொருள் என்று தெரியவில்லை, எப்படி வந்ததென்றும் தெரியவில்லை என்று எழுதியிருப்பார்கள். பழி யன்னலுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். என் குடியுரிமைக்கும் அதுதான் நல்லது. ஆனால் அந்த மனிசி என்னை நம்பித்தான் கையெழுத்து வைத்தது. என்னை நம்பிக் கையெழுத்து வைத்தவர்கள் இந்த நாட்டில் அதிகம் பேர் இல்லை.

"அது என் வீட்டிலிருந்து வந்தது" என்றேன்.

விளக்கம் கேட்டார்கள். என்னுடைய ஆங்கிலத்தில் சரஸ்வதி பூசை வராது. "கடவுள். ஆயுதங்களின் நாள். மனைவி" என்றேன். கொம்பனி ஆள் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

"இது சாப்பிடுகிற பொருளா?"

"இல்லை. மரியாதை."

அதையும் எழுதிக்கொண்டார்.

உறுதிப்படுத்தச் சுகந்திக்குப் போன் எடுத்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார்கள்.

"உறைக்குள்ள பாக்கு வைச்சனியோ?"

"ஓம். வெறும் உறையை அம்பாளுக்கு முன்னால வைக்கலாமோ? பூவும் பாக்கும் வைச்சனான்." ஒரு கணம் நிறுத்தினாள். "ஏன், கிடைச்சிட்டுதே? ஒண்டு குறையுதெண்டு வீடு முழுக்கத் தேடினனான்."

பாலாஜி மொழிபெயர்த்தார். கடைசி வசனத்தை விட்டுவிட்டார்.

எனக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. டிப்போ வாசலில் நிறுத்தினார்கள், கையில் ஒரு டோர்ச்சோடு. டோர்ச்சில் சுவிட்ச் வெளியே இருந்தது. மார்கரெட் சொன்ன திகதியில் ஓய்வுக்குப் போனார். போகும்போது என்னிடம் வந்து, "பாதுகாப்பாக இரு" என்று சொல்லிவிட்டு என் பொக்கெற்றை ஒருமுறை தட்டிப் பார்த்தார். குடியுரிமை ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது. நேர்முகத்துக்குப் போனபோது அந்த அதிகாரி கோப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பாக்கு நீங்களா?" என்றார். ஆம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிளப்பில் இன்றைக்கும் இரண்டு கட்சிதானாம். கொம்பனியில் பிழை இல்லை, பாக்கில்தான் பிழை என்று ஒரு கட்சி. பாதிப் பாக்குக்கு வெடிக்கிறதை எப்படி இடுப்பில் கட்டுவது என்று மறு கட்சி. நான் மறு கட்சி. பெருவிரல் பூட்டு இருந்திருந்தால் அந்த வடையைச் சாப்பிட்டிருப்பேன். கொம்பனியின் புதுக் கையேட்டையும் பாலாஜி கொண்டுவந்து காட்டினார். உறைக்குள் துணி, கயிறு, "விதை, கொட்டை வகைகள்" இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டுமாம். உலகம் முழுக்க அதை வாசிக்கிறார்கள். ஏன் என்று எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும்.

இப்போது பூசைக்கு முன் சுகந்தி பாக்கைச் சத்தமாக எண்ணி வைப்பாள். முடிந்ததும் சத்தமாக எண்ணி எடுப்பாள். கணக்குச் சரிவரும்வரை ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது. போன வருடம் பாலாஜியும் குடும்பத்தோடு வந்திருந்தார். ஏழு வைத்தாள். எடுக்கும்போது ஆறு.

எல்லாம் நின்றுவிட்டது. மகள் மடிக்கணினியைத் தலைகீழாக உதறினாள். பாலாஜி என் கார்ச் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே போய் காரின் புகைக்குழாய்க்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். சுகந்தி கதிரைகளுக்குக் கீழே குனிந்து தேடினாள். அரை மணித்தியாலம்.

"அப்பா, நீங்கள் கண்டனீங்களோ?" என்று மகள் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். நான் அதிகம் பேசாத ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

என் வாயில் பாக்கு இருந்தது.